பதினொரு வயதுக் குரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இருமலும் எங்களோடு சேர்ந்து சௌக்கியமாகவே இருக்கிறது, நீ அங்கே இருமல் ஏதும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் டிரம்ஸ் வாசிக்கிறார், அப்பா ரிப்பேருக்கு வந்த தையல் மெஷின்களை அந்தத் தாளத்துக்கே ஓட்டிப் பார்க்கிறார், வீடு களைகட்டிக் கிடக்கிறது. உன்னிடம் இரண்டு மாதமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். பதறாதே, நல்ல விஷயம்தான், நடுவில் கொஞ்சம் கோணிக்கொண்டு போய் மறுபடி சரியாயிற்று, அதனால்தான் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

ரயில் நிலையத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து என் குரலுக்கு வேலையே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன் அல்லவா, பார்வை இல்லாதவர்களுக்கான நூலகத்தில் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முப்பத்தொரு வருடம் மைக்கில் அறிவிப்புச் செய்தவள் என்றதும் உட்கார வைத்து இரண்டு நாவல்களைக் கையில் கொடுத்தார்கள். ஒன்று எழுபது வருடத்துப் பழையது, மற்றது போன வருடம் வந்தது. இரண்டிலும் கதை சொல்வது பதினொரு வயதுப் பிள்ளை. பழையதில் ஒரு பையன், அவன் அப்பா வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை, ஆனால் அவன் பேசுகிற தமிழைக் கேட்டால் கோர்ட்டில் நீதிபதி எழுந்து நிற்பார். ‘தந்தையார் அன்றைய தினமும் வந்து சேரவில்லை என்பதை நான் அறிந்துகொண்டேன்’ என்பான். புதியதில் ஒரு பெண், அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், அவளோ ‘அம்மா இன்னிக்கும் வரல, போ, எனக்கென்ன’ என்று சொல்லிவிட்டு வாயில் சூயிங்கத்தைப் போட்டுக்கொள்வாள். எனக்குப் பையனைப் பார்த்தால் சிரிப்பு வந்தது, பெண்ணைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளத் தோன்றியது. உற்சாகமாக இரண்டிலும் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துக் கொடுத்தேன்.

அங்கே பதிவுகளை முதலில் கேட்டுப் பார்த்துச் சொல்வதற்கு ஒருவர் வருவார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவர், கண் தெரியாது, காது மட்டும் கத்தி மாதிரி கூர்மை. கேட்டு முடித்துவிட்டு, பையன் பேசும்போது நான் எழுந்து என் பையைத் தேடிட்டேம்மா, எந்த பிளாட்பாரம்னு மட்டும் நீங்க சொல்லல என்றார். பெண்ணைப் பற்றி அதைவிட மோசம், யாரோ ஒரு அம்மா பேத்தியோட கவுனைப் போட்டுக்கிட்டு ஆடற மாதிரி இருக்கு என்றார். பதிவறையில் இருக்கிற கண்ணாடிக்காரப் பெண் நல்ல மனசுக்காரி, இரண்டு வாரம் டைம் எடுத்துக்கோங்க ஆன்ட்டி, வரலேன்னா வேற குரல் பாத்துக்கலாம் என்று பக்குவமாகத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே வீடு வந்தேன். லட்சம் பேர் கேட்ட குரலடி, ஒரு பதினொரு வயசுக்கு உதவவில்லை என்றால் எப்படி இருக்கும் சொல்.

அப்புறம் நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசல் பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்து பிள்ளைகள் பேசுவதைக் காதில் வாங்கினேன். ஐந்தாம் நாள் வாட்ச்மேன் வந்து, எந்தப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்திருக்கீங்க என்று கேட்டார், யாரையும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன், அதோடு அந்தப் பெஞ்ச் எனக்கு இல்லை. சரியென்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து பையனின் வரிகளை விதவிதமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்பா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, ஏம்மா, நான் ஏணியிலேர்ந்து விழுந்தப்போ நம்ம பொண்ணு பேசின மாதிரியே இருக்கே இது என்றார்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்போது உனக்கும் பதினொரு வயதுதான். அப்பா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில், நான் அங்கேயிருந்து ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனிலிருந்து அங்கேயுமாக ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன் செய்கிறவர்களிடமெல்லாம் நீ, ‘அப்பாவின் உடல்நிலை திருப்திகரமாக உள்ளது, கவலைப்பட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று சொல்லி வைப்பாயாம். என் மொழியைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாய். நான் அதை ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன், என் பெண் எனக்கே போட்டியாக வந்துவிட்டாள் என்று பெருமை வேறு. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்றுதான் குழந்தை அப்படிப் பேசியிருக்கிறது என்பது எனக்கு இத்தனை வருடம் கழித்து, ஒரு நாவலைப் படிக்கத் தெரியாமல் முழித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பையனும் அதே மாதிரிதான். அவன் காலத்தில் புத்தகத்துக்குள் வருகிற பிள்ளை பெரியவர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், அவனுக்கோ ஒளிந்துகொள்ள அந்தச் சட்டை வசதியாகவும் இருந்திருக்கிறது. புதியதில் வருகிற இந்தப் பெண் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், கேட்பாரில்லை, ஆனாலும் ‘அம்மாவைப் பார்க்கணும்’ என்ற ஒரு வரியை முந்நூறு பக்கத்தில் அவள் சொல்லவே இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். அவளும் நீதான். இப்போதைய நீ. போன ஞாயிறு புது ஆபீஸ் எப்படி என்று கேட்டதற்கு, எல்லாம் சூப்பர்மா விடு என்று மூன்று தடவை சொன்னாயே, அந்த நீ.

மறுபடி பதிவறைக்குப் போனேன். பையனை அறிவிப்பு மாதிரியே படித்தேன், ஆனால் முற்றுப்புள்ளியில் நிற்கவில்லை, நின்றால் அவன் உடைந்துவிடுவான். பெண்ணுக்குக் குழைவும் கொஞ்சலும் எதுவும் வைக்கவில்லை, ‘எனக்கென்ன’ என்பதற்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு விட்டேன், அவ்வளவுதான். டெலிபோன்காரர் வந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்காரப் பெண் நகம் கடித்தாள், நான் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அத்தியாயம் முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். அந்தப் பொண்ணோட அம்மா வந்தாங்களா இல்லையா, நாலாவது எங்க என்றார். இன்னும் பதிவு பண்ணலையே சார் என்றாள் இவள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அப்போ ஏம்மா இங்க உக்காந்திருக்கீங்க, உள்ள போய்ப் படிங்க என்று என்னை விரட்டினார். விரட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன், ஓடினேன்.

இதை எழுதுவது உன்னைத் துருவிக் கேட்பதற்காக இல்லை கண்ணு. நீ எந்தத் தமிழில் வேண்டுமானாலும் பேசு, சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாமலும் இரு. அன்றைக்குச் சிரித்ததற்கு மட்டும் இந்த அம்மாவை மன்னித்துக்கொள். தோள்வலியைத் தைலம் தேய்த்தே ஓட்டாமல் டாக்டரிடம் காட்டு, வேளைக்குச் சாப்பிடு. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், இருமிக்கொண்டே. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, தலைநிமிர்ந்து இருக்க இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வருகிற ஞாயிறு நீ சூப்பர்மா என்று சொன்னதும் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். லைன் கட்டாகிவிட்டது என்று போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
லைனிலேயே இருக்கும்
உன் அம்மா