எழுத்து மட்டும் தெரிந்த வண்டி

உங்கள் ஸ்கூட்டர் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருக்கிறது. முன்பெட்டியைத் திறந்ததும் காய்ந்த வெற்றிலையின் வாடை. வெற்றிலை மண்டியில் கணக்கு முடித்துவிட்டு வரும்போது எனக்கென்று நீங்கள் எடுத்து வைத்த கட்டு, தொட்டால் பொடியாகிறது.

"இனி இது கேசுக்குத் தேவைப்படாதும்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார் ஏட்டு. உங்களை இடித்த வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு பேசாமலே சோழவந்தானிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினோம். கோரிப்பாளையம் சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவின் நம்பர் பலகையைப் பார்த்து, "எம், டி. மேங்கோ ட்ரீ" என்றீர்கள், யாரிடமோ சொல்வதுபோல.

"அது ரெண்டு வார்த்தை. செல்லாது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அத்தோடு சண்டை போயிற்று, ஆட்டம் வந்தது. பலகையில் கடைசி எண்களுக்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தும் அதே வரிசையில் எங்காவது வருகிற இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்ல வேண்டும். நீளமான வார்த்தை வென்றது. கோபமாக இருக்கும் நாளிலும் ஆட்டத்துக்காகச் சொல்லும் வார்த்தை பேச்சில் சேராது என்று நமக்குள் ஒரு சட்டம். எத்தனை சண்டை அந்தச் சட்டத்தால் வீடு திரும்பும் முன்பே கரைந்திருக்கிறது!

பி, ஆர் வந்தால் நீங்கள் எப்போதும் 'பிரதர்'தான். "உங்க பிரதர் இன்னைக்கு எத்தன வண்டியிலதான் ஏறுவாரு?" என்று முதுகில் குத்துவேன். நான் மருந்துக்கடையில் நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளைப் படிக்கிறவள். சுலபமாக ஜெயிப்பேன். "மருந்துப் பேரெல்லாம் செல்லாதுடி. அது இங்கிலீசே கெடையாது" என்று அழுவாச்சி ஆட்டம் ஆடுவீர்கள். எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களை இருவருமே பார்த்ததில்லை. "அந்த நாலு நம்பரும் எதுக்குடி? சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு" என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

அன்று எனக்குக் கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிற வேலை. நீங்கள் மட்டும் முன்னால் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உங்களுக்கு நினைவு இருந்தது, பேச்சும் இருந்தது. ஏட்டு குனிந்து கேட்டார்.

"அண்ணே, வண்டி நம்பர் பாத்தீங்களா?"

"வெள்ளை வேன். பி, ஆர்."

"எழுத்து சரிண்ணே. பின்னாடி நாலு நம்பர் இருக்கும்ல, அது?"

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். "அதப் பாக்கலயேடி" என்றீர்கள். பிறகு, "கொஞ்ச நேரம் நின்னுச்சு. எறங்குவான்னு பாத்தேன். எறங்கல" என்றீர்கள்.

ஏட்டு பேனாவை மூடினார். "பி, ஆர்ல எம்புட்டு வண்டி ஓடுது தெரியுமாம்மா?" என்றார் என்னிடம். அவர் மேல் தப்பில்லை.

அவர் போனதும் என் விரலைப் பிடித்தீர்கள். "இன்னைக்குப் பிரதர் இல்லடி. செலிபிரேஷன். எப்பிடி?" சாகக் கிடந்த மனிதருக்கு ரோட்டில் விழுந்த இடத்தில் தோன்றிய வார்த்தை அது! என் பயத்தைப் போக்கத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "நம்பர யோசிங்க, நம்பர யோசிங்க" என்று கெஞ்சினேன். யோசித்தீர்கள். நெற்றியைச் சுருக்கி, பரீட்சை எழுதும் பையனைப்போல யோசித்தீர்கள். விடியும் முன்பே போய்விட்டீர்கள்.

அதன் பிறகு தல்லாகுளத்திலும் தர்கா தெருவிலும் எந்த வெள்ளை வேன் நின்றாலும் பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன். பி, ஆர் என்றால் முன்பக்கம் போய் நசுங்கல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். அழகர்கோவில் போனாலும் சாமியைவிட வண்டி நிறுத்துமிடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறேன். "என்னக்கா தேடுறீங்க?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்ல?

உள்ளதைச் சொல்கிறேன். அந்த டிரைவரைவிட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவன் முகம் எனக்குத் தெரியாது. உங்கள் முகம் தெரியும். வண்டி நின்றது என்று நீங்களே சொன்னீர்கள். பலகை கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது. செலிபிரேஷன் தேட நேரம் இருந்தது, நான்கு எண்ணைப் படிக்க நேரமில்லையா? சமையலறையில் தனியாக நின்றுகொண்டு இதையே சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறேன். கோபம் இருந்ததால்தான் காலையில் எழுந்து பஸ் ஏற முடிந்தது.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஒரு வெள்ளை வேன், முன்விளக்கை ஒட்டி நசுங்கித் தட்டிச் சரிசெய்த அடையாளத்தோடு என்னைக் கடந்து போனது. பின்பலகையில் பி, ஆர். 'டியூபர்குலோசிஸ்' என்று வந்தது எனக்கு. மருந்தின் பெயர் இல்லை, நோயின் பெயர், அதனால் செல்லும். விரல்விட்டு எண்ணினேன். உங்கள் செலிபிரேஷனைவிட ஓர் எழுத்து கூடுதல். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் மனம் துள்ளியது. நிமிர்ந்தபோது வேன் வளைவைத் தாண்டிவிட்டது.

நம்பரை நானும் பார்க்கவில்லை.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. இத்தனை நாளும் உங்கள் மேல் கோபமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் இருக்கிறேன்.