உன் மகள் பேர் மாறவில்லை, செல்லாயி

என் உயிரோடு ஒட்டிப்போன செல்லாயிக்கு,

உனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இது இனி உன் கைக்கு வந்து சேரப்போவதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டிய சேதி ஒன்று என்னிடமே தங்கிக் கிடக்கிறது. அதைக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான். உன்னைப் புதைத்த மேட்டில் நின்று வாயால் சொல்லிப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும். மறைக்கிறதற்கு இதில் என்ன இருக்கிறது?

நீ முதன்முதல் பள்ளிக்கூடத்துக்கு வந்தது சண்டை பிடிக்க. நினைவிருக்கிறதா? நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு மழைக்காலம்கூட முடிந்திருக்கவில்லை. மிஷன்காரர்கள் என்னைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, பண்டாரவளை வரைக்கும் ரயிலிலும் அதற்குப் பிறகு மாட்டுவண்டியிலுமாக இந்தத் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தெமோதரைப் பக்கத்து மலை முழுக்கத் தேயிலை. நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பள்ளிக்கூடம். கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை, அதுதான் என் வீடு. நான் "சொல்லுதேன்", "வருதேன்" என்றால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உங்கள் எல்லாருக்கும் திருச்சிப் பக்கத்துப் பேச்சு. தமிழ் பேசுகிறவர்கள் நடுவிலேயே நான் அந்நியக்காரியாக இருந்தேன்.

நீ கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றாய்.

"வாத்தியாரம்மா, எம் புள்ள வெளக்கு வைக்கிற நேரத்துல ஒங்க சாமி பாட்டப் பாடுது."

"எந்தப் பாட்டு?" என்று கேட்டேன். பயத்தில் வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நீ அதை முழுக்கப் பாடிக் காட்டினாய். ராகம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. பாடி முடித்துவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்காக எங்க சாமி என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரு பாட்டுச் சொல்லிக் குடுங்க" என்றாய்.

"எனக்குத் தெரியாதே."

"அப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க."

பிள்ளைகள் எல்லாரும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தார்கள். உன் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சண்டைக்கு வந்தவள் பாடிவிட்டுப் போனாய். மறுநாள் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் மறுபடி வந்தாய். அதற்கு அடுத்த நாளும் வந்தாய். என் பேர் ஞானப்பூ என்று கேட்டதும், "அது எந்தச் செடியில பூக்கும்?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். அந்த மலையில் என்னை அக்கா என்று கூப்பிட்டது நீ ஒருத்திதான்.

வேதக்காரிக்கும் உனக்கும் என்ன பேச்சு என்று லயத்து வரிசை வீடுகளில் கேட்டார்களாம். கூலிக்காரியோடு அத்தனை நெருக்கம் வேண்டாம் என்று எங்கள் சபையிலும் ஒருவர் எனக்குச் சொன்னார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீயும் உனக்குச் சொன்னதைப் பாதிதான் சொல்லியிருப்பாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குக் கொஞ்சம் தெரியும். உனக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது, தங்கவில்லை. அதோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. கம்பளியில் மூங்கில் கட்டி உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முன்பக்கத்து மூங்கில் உன் புருஷன் மாயாண்டி தோளில் இருந்தது. இறக்கம் முழுக்க அவன் தோளை மாற்றவே இல்லை. நானும் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுக் கூட நடந்தேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"அக்கா, காளியம்மாவக் கொழுந்துக்கு விட்டுராதீங்க. அது படிக்கட்டும். ஒங்க கூடவே இருக்கட்டும். ஆனா பேர மட்டும் மாத்திராதீங்க. அது எங்க கொலசாமி பேரு."

சரி என்று சொன்னேன். சாகக் கிடக்கிறவளிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் வாயளவில் சொல்லவில்லை செல்லாயி. இரண்டையும் செய்ய முடியும் என்று நம்பித்தான் சொன்னேன்.

நீ போன பிறகு காளியம்மா என் அறையில்தான் இருந்தாள். பிள்ளையைத் தனியே லயத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போக மாயாண்டிக்கு மனம் வரவில்லை. அவனே கொண்டுவந்து விட்டான். காலையில் நான் தலை பின்னிவிடுவேன், அழுத்திப் பின்னினால் "எங்கம்மா இப்படி இழுக்காது" என்பாள். வாசிப்பில் அவளுக்கு ஈடு அந்தக் கொட்டகையில் யாரும் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் நடுவே அவள் பேசுகிற மாதிரி வாசிப்பாள். நான் சளி பிடித்துப் படுத்திருந்த ஒரு நாள் சின்னப் பிள்ளைகளுக்கு அவளே பாடம் நடத்தினாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன். "சொல்லுதேன், கவனிங்க" என்றாள். என் பேச்சு அவள் வாயில். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இவள் என்னிடம் படித்தால் மட்டும் போதாது, பதுளை விடுதியில் சேர்ந்து மேலே படித்து வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நீயும் அதைத்தானே விரும்பியிருப்பாய்?

பதுளைக்குப் போய் மிஸ்ஸியம்மாவைப் பார்த்தேன். விடுதியையும் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களையும் நடத்துகிற வெள்ளைக்கார அம்மா. நல்லவர்தான். சேரும் சகதியுமான பாதையில் குதிரையில் வந்து பிள்ளைகளுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டுப் போகிறவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அழைத்து வாரும் ஞானப்பூ. படுக்க இடம் இருக்கிறது. ஆனால் விடுதிப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பது உமக்குத் தெரியும். அப்போது அவளுக்கு ஒரு கிறிஸ்தவப் பேர் வைப்போம். கிரேஸ் என்று வைக்கலாம்."

"பேரை மட்டும் அப்படியே விடக்கூடாதா அம்மா?"

"காளியம்மா என்ற பேரோடு எப்படி அம்மா ஞானஸ்நானம் கொடுப்பது? நான் கல்மனசுக்காரி அல்ல. இந்த விதி நான் வைத்ததும் அல்ல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மலையேறி வந்து மாயாண்டியிடம் சொன்னேன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்.

"படிக்கட்டுங்கம்மா. நான் வேணாங்கல. தண்ணி தெளிக்கிறதும் பேர மாத்துறதும் வேணாம். செத்தவ ஒங்ககிட்ட சொன்னத எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா. அத மீறினா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சாமி முன்னால நிப்பேன்?"

அவன் பேசியதிலும் பொய் இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. உன் மகளுக்கு அது கிடைத்தால் நல்லது என்றுதான் என் உள்மனம் நினைத்தது. ஆனால் என் அப்பாவுக்கும் சின்ன வயதில் வேறு பேர் இருந்தது, அது என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அந்த முகம் எனக்குத் தெரியும். அதனால் மாயாண்டியிடம் அழுத்திப் பேசவும் நா எழவில்லை. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். எதற்காக என்று தெரியாமலே பண்ணினேன். மாயாண்டி மனம் மாறவா, மிஸ்ஸியம்மா மனம் மாறவா? இருவரில் யார் மாற வேண்டும் என்று கேட்பது?

மறுபடி இரண்டு பேரிடமும் போனேன். அதற்கும் மறுபடி போனேன். ஒருவர் முகமும் கடுக்கவில்லை. ஒருவர் மனமும் இளகவில்லை.

இதற்கிடையில் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். பண்டாரவளையோடு நின்ற பாதையைப் பதுளை வரைக்கும் கொண்டுவருகிறார்கள் இல்லையா, மலையைக் குடைய ஆள் வேண்டுமாம். மாயாண்டி போவதென்று முடிவு பண்ணிவிட்டான். உன்னோடு இருந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அவனால் இருக்க முடியவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது பெண்கள் வரிசையைப் பார்க்க முடியாமல் திரும்பி நிற்பானாம், கங்காணி சொன்னார். அவனை நான் என்ன சொல்லித் தடுப்பது?

"காளியம்மாவை என்னிடம் விட்டுவிட்டுப் போப்பா" என்றேன்.

"அவளும் இல்லாம நான் யாருக்குங்கம்மா கல்லு ஒடைக்கிறது?"

பெற்றவன் கேட்கிறான். உன் மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள் செய்ததுதான் சரி. சரி என்று தெரிந்துகொண்டே அவள் துணியை மடித்துக் கட்டிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

முதல் சனிக்கிழமையே தேடிப் போனேன். பாதை போடுகிற இடத்தில் வரிசையாகத் தகரக் குடிசைகள், எங்கே பார்த்தாலும் செம்மண். பாறைக்கு வெடி வைத்தால் மலையே இருமுகிற மாதிரி இருக்கும். அங்கே பள்ளிக்கூடம் ஏது? என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து வாசித்தோம். கணக்குப் போட்டோம். திரும்பும்போது வளைவு வரைக்கும் கூடவே வந்தாள்.

அப்படிக் கொஞ்ச நாள் நடந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. குடிசைகளையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நான் போகிற நாளில் அவளுக்கு வேலை இருக்கும், அவளுக்கு வேலை இல்லாத நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். சரளைக் கல்லைக் கூடையில் சுமக்கிற பிள்ளைகள் வரிசையில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். கொழுந்துக்கு விடாதே என்றாய். அவள் கொழுந்துக்குப் போகவில்லை செல்லாயி. கல் சுமக்கப் போனாள்.

போன மாதம் பார்த்ததுதான் கடைசி. வளர்ந்துவிட்டாள். நெற்றியும் மூக்கும் உன்னுடையது. பாறை நிழலில் உட்கார்ந்தாள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசி கண்ணு. மறந்துபோச்சா?"

"மறக்கல வாத்தியாரம்மா."

"அப்புறம் என்ன?"

மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, நீ அவளுக்குச் சோறு ஊட்டும்போது பேசுவாயே, அந்தக் குரல்.

"இனிமே வராதீங்க. நீங்க வந்துட்டுப் போனா எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வருது, அம்மா ஞாபகம் வருது. அப்புறம் கூடையத் தூக்க முடியல. நீங்க வராட்டி தூக்கிர்றேன்."

புத்தகத்தை மூடினேன். அதை அங்கேயே வைத்துவிட்டு வருவதா, எடுத்துக்கொண்டு வருவதா என்றுகூட எனக்கு முடிவு பண்ணத் தெரியவில்லை. அவளே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "மழை வருது, வெரசாப் போங்க" என்றாள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவளை வாரிக்கொண்டு ஓடியிருப்பாயா? எந்தப் பக்கம் ஓடியிருப்பாய்?

இப்போது இங்கே இருக்கிற நிலைமை இதுதான். கொட்டகையில் பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள். கொஞ்சம் உயரம் வந்ததும் கொழுந்துக்குப் போய்விடுகிறார்கள். ரயில் பாதை பதுளையை நெருங்கிவிட்டது என்கிறார்கள். கடைத்தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். வேலை முடிந்ததும் அந்தக் குடிசைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மாயாண்டிக்கே தெரியாதாம்.

போன வாரம் மிஸ்ஸியம்மா வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீர் களைத்துப் போனீர் ஞானப்பூ. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இடம் இருக்கிறது. ஊருக்குப் போய்ச் சுகமாக இரும்" என்றார். அவர் அன்பில்தான் சொன்னார். எனக்கும் ஊர் ஆசை இல்லாமல் இல்லை. என்னைப் போலப் பேசுகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாலு நாள் யோசித்தேன், பிறகு பதுளைக்குப் போய் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

உனக்குக் கொடுத்த வாக்கில் பாதிதான் நின்றது, பேர் மாறவில்லை. அதுவும் நான் நிறுத்தியது இல்லை. மற்றதைச் செய்ய எனக்கு வழி தெரியவில்லை. அதனால் என்னால் முடிந்த வேறு ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வரவேண்டாம் என்று உன் மகள் சொல்லிவிட்டாள், அவளிடம் இனிப் போக மாட்டேன். இந்த மலையை விட்டும் போக மாட்டேன். அவளுக்கு வழி தெரிந்த இடம் இந்தக் கொட்டகை ஒன்றுதான். என்றைக்காவது, எந்தப் பேரோடாவது, எவ்வளவு பெரியவளாகியாவது அவள் திரும்பி வந்தால், கதவைத் தட்டி "யார் இருக்கீங்க?" என்று கேட்கும்படி விடமாட்டேன். நான்தான் இருப்பேன் என்று அவள் தெரிந்துகொண்டே வரலாம்.

உன் காளியம்மாவுக்கு வாத்தியாரம்மா,
உனக்கு என்றைக்கும் அக்கா,
ஞானப்பூ