உமிச்சாம்பல் சுவர்

பேரையூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாண்டிராஜ் மச்சானுக்கு,

சித்தார்த் எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. துபாயில் இப்போது வெயில் தணிந்திருக்கும். நான் பேச ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

சுவரைக் கொத்திப் போடச் சொல்லி உங்கள் அம்மாவிடம் சொல்லி விட்டிருக்கிறீர்கள். "சாம்பல வீட்டுக்குள்ள கொண்டாந்தா, எமனுக்கு வழி தெரிஞ்சுபோச்சு" என்று ஊர் பேசுவதை நீங்களும் நம்புகிறீர்கள். மச்சான், உங்கள் தங்கை டெங்குக் காய்ச்சலில் செத்தாள். சுவர் அவளைக் கொல்லவில்லை.

அது ரைஸ் மில்லில் எரித்துக் கண்மாய்க் கரையில் கொட்டிக் கிடந்த உமிச்சாம்பல். நானும் உங்கள் தங்கையும் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள். பூச்சுக் கலவையில் மணலை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்துக்குச் சலித்த சாம்பலைப் போடலாம் என்றாள் சரண்யா. அந்தக் கலவையில் கட்டிகள் வார்த்து, லேபில் நசுக்கிப் பலம் பார்த்தோம். வெறும் மணல் கலவைக்கு ஒன்றும் குறையவில்லை. கொத்தனார் அழகுமலை அண்ணன் மட்டும், "இத வச்சு ஏனம் வெளக்கலாம் தாயி, வீடு பூச முடியாது" என்று சிரித்தார். கரண்டியைப் பிடுங்கி ஹால் சுவரில் அவளே பூசிக் காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புடிக்கத்தான் செய்யுது" என்றார்.

அடுக்களைச் சுவர் வெடித்தது உண்மை. அங்கே ஆசைப்பட்டுப் பாதிக்குப் பாதி போட்டுவிட்டாள். அதை மட்டும் கொத்தினேன். மறுபடியும் சாம்பல்தான் கலந்து பூசினேன், சரியான அளவில்.

இன்னொன்றும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஹால் பூசி முடித்த வாரமே அவள் போய்விட்டாள். சுடுகாட்டிலிருந்து வந்து ஹோஸ் பைப்பில் தலை முழுகியதும், அதே பைப்பைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடித்தேன். "பொண்டாட்டியக் கொளுத்திட்டு வந்து செவுத்த நனைக்கிறான், கல்நெஞ்சுக்காரப் பய" என்று என் பெரியப்பா கத்தினார். சாம்பல் பூச்சு தண்ணீரை அம்புட்டுக் குடிக்கும் மச்சான். பச்சையில் காயவிட்டால் மாவாக உதிரும். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதெல்லாம் அவள் கேட்டது, "செவுத்துக்குத் தண்ணி அடிச்சீங்களா" என்றுதான். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் அடிக்க முடிந்தது, அடித்தேன்.

சுவர் நிற்கும். கொத்திவிட்டு மறுபடி பூச நீங்கள் இறக்கித் தருவதாகச் சொன்ன மணல் வேண்டாம்.

தை மாதம் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும் என்கிறார் உங்கள் அம்மா. அந்தச் சுவர் இருக்கும்வரை வாசல் மிதிக்க மாட்டேன் என்றீர்களாம். தாய்மாமன் முறைக்கு வேறு ஆளை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் இங்கே. உட்காரவைக்க மாட்டேன். குத்தினால் அந்த ஹாலில், உங்கள் மடியில் வைத்துத்தான். இந்தத் தையில்லை என்றால் அடுத்த தை. நீங்கள் வரும்வரை உங்கள் மருமகள் மூளிக்காதோடு இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னமும் உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
சித்தார்த்