குழலுக்குள் உப்பு

ஜூன் 12, 2025, வியாழன்

இன்றும் மேகம் கூடிக் கலைந்துவிட்டது. மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போனேன், பாதி பாத்தி பாய்வதற்குள் கரண்ட் போனது. கனிஷ்காவுக்கு ராசிபுரத்தில் பி.காம் கிடைக்கும் போலிருக்கிறது. அவளுக்கு நர்சிங்தான் வேண்டுமாம், இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். அவள் அப்பா, "எதையோ ஒண்ணு படிக்கட்டும் உடு பிரவீனா" என்று முடித்துவிட்டார்.

அவருக்குச் சனிக்கிழமை சேலத்தில் சுடும் பயிற்சி. ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகிற வண்டியில் காவலுக்குப் போகிறவர்களை வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய்ச் சுடவைப்பார்கள். பட்டாளத்திலிருந்து வந்தபின் லைசென்ஸ் எடுத்து அவர் வாங்கிய ரைபிள் அது. சொந்தமாகத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலையே. சாயங்காலம் அதைப் பிரித்துத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனால் நிறுத்திக்கொள்வார் என்று நான் போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய். சேலம், ஆஸ்பத்திரி

எழுதாமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது வந்தார். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "பிரவீனா, தண்ணி காய வையி. நல்லாக் கொதிக்கோணும்" என்று கட்டுத்தரைப் பக்கம் குரல் கொடுத்தார். நான் பால் கறந்துகொண்டிருந்தேன், குளிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "இந்தப் புழுக்கத்துல சுடுதண்ணி வாக்கறீங்களாக்கும்? இருங், வாரேன்" என்றேன். அவர் என்னவோ பதில் சொன்னார். கன்று கத்தியதில் காதில் விழவில்லை. பால் போசியோடு உள்ளே போனால், நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடக்கிறார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றுகிறார்கள். நாற்பத்தாறு வயது மனுஷனுக்கு.

துப்பாக்கி என்ன ஆனது என்று இன்றுதான் நினைவு வந்தது. "நான் உறையில போட்டு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேம்மா" என்றாள் கனிஷ்கா. அந்த அமளியிலும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஜூன் 21, சனி

பேசிவிட்டார்! "தண்ணி" என்றார். தெளிவாக, அவருடைய குரலில்.

நான் டம்ளரோடு ஓடினேன். நர்ஸ் கையைப் பிடித்துத் தடுத்தாள். விழுங்குகிற சக்தி திரும்பவில்லையாம். வாய் வழியாக ஒரு சொட்டு போனாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். குழாயில்தான் தண்ணீர் போகிறதே, தாகம் இருக்காது என்றாள்.

இருக்காதா? அப்புறம் ஏன் கேட்கிறார்?

ஜூன் 25, புதன்

தண்ணி. தண்ணி. தண்ணி. வேறு சொல்லே இல்லை. என் பெயரைச் சொல்லிக் காட்டினேன், மகள் பெயரைச் சொல்லிக் காட்டினேன். எதைக் கேட்டாலும் தண்ணி. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். இடது கையால் கட்டில் கம்பியை அடிக்கிறார். பக்கத்துக் கட்டில் அம்மாள், "ஒரு வாய் குடுங்களேன், பாவம்" என்கிறாள், என்னவோ நான் கொடுக்க மாட்டேனென்று இருப்பதுபோல.

ஜூலை 2, புதன்

வீட்டுக்கு, வெண்ணந்தூருக்குக் கூட்டிவந்துவிட்டோம். முன்னறையில் கட்டில். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பழத்தைக் கொடுத்துவிட்டு, அவர் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்பதையும் சொல்லிப் போனார்.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணி கேட்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை.

ஜூலை 9, புதன்

கொடுத்தேன்.

கனிஷ்கா கல்லூரிக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து அந்த ஒரே சொல். கட்டிய புருஷன் தண்ணி தண்ணி என்று கெஞ்சுகிறான், நான் அடுப்படியில் நின்று சோறு வடிக்கிறேன். நான் என்ன ஜென்மம்? தலையணையை உயர்த்தி, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இரண்டு வாய் உள்ளே போன மாதிரி இருந்தது. அப்புறம் இருமினார். இருமி இருமி முகம் கறுத்துவிட்டது. நிமிர்த்தி முதுகைத் தட்டினேன். ஒருவழியாக நின்றது.

நின்றதும் மறுபடியும், "தண்ணி."

ஜூலை 11, வெள்ளி. ஆஸ்பத்திரி

காய்ச்சல் கொதிக்கிறது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு. டாக்டர் கேட்டதும் நானே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னோமேம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கனிஷ்கா என்னோடு பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

சாமி, என்னை எடுத்துக்கோ. அவரை உட்டுரு.

ஜூலை 24, வியாழன்

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துவிட்டோம். எலும்பும் தோலுமாக இருக்கிறார். வந்ததும் கண் திறந்து, மெதுவாக, "தண்ணி" என்றார். நான் வெளியே ஓடிப்போய்க் கட்டுத்தரையில் நின்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஆடிப்பெருக்கு. நமக்கு எதுவும் இல்லை.

மத்தியானம் கந்தவேல் அண்ணன் வந்தார். இவரோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. பண்டிகைக்கு ஊருக்கு வந்த இடத்தில்தான் விஷயம் தெரிந்ததாம். கட்டிலோரம் உட்கார்ந்து, "நவநீதா, என்றா இது?" என்றார். இவர் அவரையே பார்த்துக்கொண்டு, "தண்ணி" என்றார்.

"இது ஒண்ணுதானுங்கண்ணா சொல்றாரு. குடுத்தாச் செத்துருவாரு. குடுக்காம நாஞ் செத்துட்டிருக்கறன்" என்றேன்.

துப்பாக்கி எங்கே, ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்றா என்று கேட்டார். பீரோவில் அப்படியே கிடக்கிறது, அன்றைக்குச் சுட்டுவிட்டு வந்து வைத்ததுதான் என்றேன். எடுத்துக் கொடுத்தேன். உறையின் பையில் சுடாத தோட்டா ஒன்று இருந்தது. பித்தளை கறுத்துப் போயிருந்தது. அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதையா சுட்டான்? ரொம்பப் பழைய சரக்கு அம்மணி இது. சுட்டுட்டு வந்து குழலைக் கழுவுனானா?" என்றார்.

"வந்த கையோட விழுந்துட்டாருங்களே."

"அடக் கடவுளே. இந்த மாதிரித் தோட்டா வெடிச்சாக் குழலுக்குள்ள உப்புப் படிஞ்சுக்கும். எண்ணெய் போட்டாப் போகாது. அன்னிக்கே கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி..."

பாதியில் நிறுத்திவிட்டார். இருவரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிட்டே போய், "மாமா, துப்பாக்கிக்குங்களா தண்ணி கேட்டீங்க?" என்றேன். "தண்ணி" என்றார். அதில் கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. அன்றைக்குக் கட்டுத்தரைப் பக்கம் குரல் கொடுத்தாரே, அதே தோரணை.

அடுப்பை எப்படிப் பற்றவைத்தேன், தண்ணீர் எப்போது கொதித்தது, ஒன்றும் நினைவில்லை. கட்டிலுக்கு நேராக வாசலில், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துத்தான் செய்தோம். பின்பக்கம் இருக்கிற பூட்டை அண்ணன் இழுத்தார். பிடித்துக்கொண்டு வரவில்லை, கட்டையால் தட்டித்தான் கழற்றினார். குழலில் புனல் வைத்து நான் ஊற்றினேன். மறுமுனையில் முதலில் கறுப்பாக வந்தது. பிறகு செம்மண் வாய்க்கால்போல வந்துகொண்டே இருந்தது. எத்தனை ஊற்றியும் தெளியவில்லை. கயிற்றில் துணி கட்டி இழுத்தார், துணியெல்லாம் துரு.

அண்ணன் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டுத்தரைப் பக்கம் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "போச்சு அம்மணி. உள்ள பூராக் குழி குழியாத் தின்னுருச்சு. அன்னிக்கே ஊத்தியிருந்தாக் காப்பாத்தியிருக்கலாம். அவங்கிட்டச் சொல்லாதே."

உள்ளே போய், "சுத்தமாப் போயிருச்சுங் மாமா. கண்ணாடியாட்டம் இருக்குது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே தூங்கிவிட்டார், விழுந்த நாளிலிருந்து காணாத தூக்கம்.

தாகத்தில் கேட்கவில்லை. அவருக்குத் தாகமே இல்லை. வேண்டாத தண்ணீரை வாயில் ஊற்றி நான் அவரைக் கொல்லப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்றிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணி என்றுகூடச் சொல்வதில்லை. டம்ளரைக் காட்டினேன். துப்பாக்கி உறையைக் கொண்டுவந்து காட்டினேன். பார்வை அதைத் தாண்டி எங்கோ போகிறது. இருந்த ஒரு சொல்லையும் நானே வாங்கிக்கொண்டேனா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஆவலோடுதான் சொன்னேன், ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று. பொறுமையாகக் கேட்டார். "விழறப்ப மனசுல இருந்த கடைசிச் சொல் அப்படியே சிக்கிக்கிறது உண்டும்மா. அதை அர்த்தத்தோட சொன்னார்னு எடுத்துக்க முடியாது. இப்ப அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு சொல்றது கஷ்டம். ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார்.

பஸ் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படியானால் அன்று வாசலில் நடந்தது என்ன? நாங்களாகத்தான் அர்த்தம் கற்பித்துக்கொண்டோமா? ஒருவேளை புரிந்துதான் சொன்னார் என்றால், அது இன்னும் மோசம். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் பெயர் வரவில்லை, பெற்ற மகள் பெயர் வரவில்லை, ஒரு இரும்புக் குழாய்க்கு மட்டும் சொல் வந்திருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றே வைத்துக்கொண்டேன். புரியாதவருக்கு வலிக்காது. அந்த மட்டில் நல்லது. துடைக்கிறேன், மாற்றுகிறேன், குழாயில் ஊற்றுகிறேன், புரட்டிப் போடுகிறேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிறேன். மரவள்ளியைக் களை மூடிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

கந்தவேல் அண்ணன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று காலை துப்பாக்கியை எடுத்துப்போக ஒரு போலீஸ்காரர் வந்தார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். கட்டிலருகே நாற்காலி போட்டேன். உறையைப் பிரித்து, பூட்டைக் கழற்றி, குழலை ஜன்னல் பக்கம் நீட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"என்னுங்க்கா இப்புடி உட்டுட்டீங்க? உள்ள பூராத் துரு தின்னு கெடக்குது. இனி இது பழைய இரும்புக்குத்தான் ஆகும்."

நான் கண்ணைக் காட்டினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நேராக, வெகுநேரம். கண்ணாடியாட்டம் இருக்குது என்று சொன்னவளை. பிறகு இடது கை மெல்ல எழுந்தது. அதால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை.

"மாமா" என்று கையை எடுக்கப் பார்த்தேன். விடவில்லை. அவ்வளவு பலம் அதில் இருப்பது எனக்குத் தெரியாது.

ரசீதில் வைக்க அந்தக் கையின் ரேகைதான் வேண்டும். போலீஸ்காரர் எழுந்து நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவால்லீங்க்கா, இருக்கட்டும்" என்று காத்திருந்தார். கடைசியில் அவரே கையை இறக்கினார். யாரும் சொல்லாமல், கட்டை விரலை மட்டும் பிரித்து, மைக்கு நீட்டினார்.

இத்தனை மாதமாக இதைத்தானே கேட்டேன், உள்ளே இருக்கிறாரா, ஒரு அடையாளம் காட்டு சாமி என்று? காட்டிவிட்டது. இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் என் அக்காவோடு போனில் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். இதுக்கு அன்னிக்கே போயிருந்தாலும் தேவலைக்கா என்றுகூட ஒருநாள். சத்தமாகத்தான் சொன்னேன். அவருக்கென்ன புரியப்போகிறது என்று.

துப்பாக்கி போனபிறகு, புரட்டிப் படுக்கவைக்கிற நேரம் வந்தது. வழக்கம்போல விரிப்பைப் பிடித்துவிட்டேன். பிடித்தவள் நின்றுவிட்டேன்.

"மாமா, திருப்பிப் படுக்க வெக்கட்டுங்களா? எந்தப் பக்கமுங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பக்கமாகவே படுக்கவைத்தேன்.