தகடு எடுத்த வியாழக்கிழமை

இன்று காலை ராஜபாளையம் சாலையில் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரவு மழையில் ஊறிய கரிசல் மண்ணை இயந்திரம் அள்ளிக் கரையில் கொட்ட, அந்த வாடை பஸ்ஸுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூச்சை நன்றாக இழுத்து, "என்ன வாசம் பாருங்க" என்றாள். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அவளுக்கு அது மழை வாசம். எனக்கு, அரசு ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது உன் தலைமுடியில் இருந்த வாடை.

சங்கரன்கோவிலில் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியபோது நாம் இருவரும் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தோம். நான் சைட் இன்ஜினியர், வெயிலில் நிற்பவள். நீ பிளானிங், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்பவள். சம்பள நாளில் பிரியாணிக் கடைக்குப் போவோம். உன் முட்டையை என் இலையில் தள்ளிவிட்டு, என் கறித்துண்டைக் கேட்காமல் எடுத்துக்கொள்வாய். அலுவலகத்தில் உனக்குப் பயப்படாதவர் குறைவு. "உங்க தேதியை நம்பி இருந்தா எனக்கு நரைச்சிரும்ணே" என்று குழாய்க்காரர்களிடம் முகத்துக்கு நேரே சொல்வாய்.

வேலை இரண்டு குழுக்களின் கையில் இருந்தது. ஆழமான பள்ளம் தோண்டுவதும், கரை சரியாமல் தாங்க இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இறக்குவதும், பிறகு அதை எடுத்து மண் மூடுவதும் ஒரு குழு. உள்ளே இறங்கிக் குழாய் பதித்து இணைப்பது இன்னொரு குழு. இரண்டு குழுவுக்கும் தனித்தனி அட்டவணை, தனித்தனி ஃபைல். குழாய் வேலை தாமதமானால் அந்த ஃபைலில் மட்டும் தேதி தள்ளும். தகடு எடுக்கிறவர்களின் ஃபைல் அது தெரியாமல் தன் தேதியிலேயே நிற்கும்.

நீதான் இரண்டையும் இணைத்தாய். குழாய் இணைப்பைச் சோதித்து முடித்த பிறகுதான் தகடு எடுக்கும் வேலை தொடங்கலாம் என்று, ஒரு ஃபைலில் இருந்த வேலையை மற்ற ஃபைலில் இருந்த வேலையோடு கோர்த்தாய். அதன்பின் இங்கே தேதி தள்ளினால் அங்கேயும் தானாகத் தள்ளியது. எனக்கு முதலில் புரியவில்லை.

"ஏட்டி, எங்க வீட்டு அடுப்புல சோறு வேகல. அது தெரியாம உங்க வீட்ல இலை போட்டு ஆளை உக்கார வச்சா எப்படி இருக்கும்? அதுக்குத்தான் ரெண்டு வீட்டுக்கும் ஒரு கோடு போடுதேன்" என்றாய்.

மேனேஜருக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. அதே தகடுகள் அடுத்து குருவிகுளம் பக்கத்து வேலைக்குப் போக வேண்டியிருந்தன. குழாய் ஒரு நாள் தாமதித்தால் குருவிகுளமும் சேர்ந்து தள்ளியது. தாமதமான வேலைகளைக் காட்டும் சிவப்பு, திரை முழுவதும் பரவிவிட்டது. மேலதிகாரி வருகிற வாரம் அது. எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் மேனேஜர் உன்னைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்.

"இவளுக்குக் கல்யாணம் கட்டிக்க ஆளு கிடைக்கல. அந்தக் கடுப்புல ஊர்ல உள்ள வேலையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போடுதா."

அறை சிரித்தது. சிரிக்காதவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். உன் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். குரல் மட்டும் மாறவில்லை.

"கட்டலைன்னா சரிஞ்சிரும் சார்."

"சரியாது. நீ நகரு" என்று உன் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை எடுத்து, இணைப்பை அவரே அழித்தார். திரையில் சிவப்பு மறைந்தது. "இப்ப எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை ஒரு குழாய் இணைப்பில் கசிவு வந்தது. பிரித்து மறுபடி மாட்ட வேண்டும், ஆட்கள் வியாழக்கிழமையும் இறங்க வேண்டும். குழாய் ஃபைலில் நீ தேதியை மாற்றினாய். தகடு ஃபைலை அன்றே அந்தக் குழுவின் ஆள் அச்செடுத்துக்கொண்டு போயிருந்தான். அதில் வியாழன் காலை தகடு எடுப்பது அப்படியே இருந்தது. நீ மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். "அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். பேசவில்லை.

வியாழக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். வாசுதேவநல்லூரில் சித்தி மகளுக்குப் பூ வைக்கும் விசேஷம். மேளச் சத்தத்துக்கு நடுவே உன் போன் வந்தது.

"எங்கட்டி இருக்கே?"

"வாசுதேவநல்லூர்ல. சொன்னேம்லா."

"கிரேன்காரன் போனை எடுக்க மாட்டேங்கான். உள்ள ஆளு இருக்கு."

"நான் கிளம்பி வரட்டா?"

"நீ வந்து சேருததுக்குள்ள... இரு, நானே போறேன். பாத்துக்கிடுதேன்."

பிறகு நடந்ததை மாடசாமி எனக்குச் சொன்னார். அன்று பள்ளத்துக்குள் இருந்த இருவரில் மூத்தவர் அவர். நீ ஸ்கூட்டரில் வந்தபோது ஒரு பக்கத் தகடுகளில் பாதி மேலே போயிருந்தன. கிரேன் இரைச்சலில் உன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நீ விளிம்புக்குப் போய்க் குனிந்து கத்தினாய். இளையவர் ஏணியில் ஏறிவிட்டார். மாடசாமிக்குக் கால் வழுக்கியது. நீ முழங்காலிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாய். அவர் மேலே வந்து விழுந்தார். அவர் திரும்பிப் பார்த்தபோது நீ இருந்த கரை இல்லை.

"கையை விட்டுட்டேன்மா. நான் ஏறுனதும் விட்டுட்டேன். விடாம இருந்திருக்கணும்லா?" என்று என்னிடமே கேட்டார். அவர் இப்போது மேலநீலிதநல்லூர்ப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறார். பள்ளத்தில் இறங்குவதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் போனில் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். "பிளானிங்ல இருக்கவளுக்கு சைட்ல என்ன வேலை?" என்றார். அறிக்கையிலும் அதையே எழுதினார்கள்: அனுமதி இல்லாமல் வந்தவள், தலைக்கவசம் அணியாதவள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் இணைப்பை அழித்த கதையை நான் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "அது கம்ப்யூட்டர் விஷயம்மா. மண்ணு சரிஞ்சதுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

உன் பதினாறாம் நாள் விசேஷம் முடியும் முன்பே உன் வீட்டுக்கு ஆள் அனுப்பி லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அதை என் மேஜையில் வைத்து, "அவ பேர்ல இருக்கிற வேலையை எல்லாம் உன் பேருக்கு மாத்திரு" என்றார் மேனேஜர். மாற்றினேன். ஒவ்வொரு வரியிலும் உன் பெயரை அழித்து என் பெயரை எழுதினேன். அடுத்த மாதம், எல்லா அட்டவணைகளையும் கட்டாயமாக ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதே அறையில், அதே திரைக்கு முன்னால் நின்று மேனேஜரே எங்களுக்கு வகுப்பு எடுத்தார். "இந்த லிங்க்தான் நம்மளைக் காப்பாத்தும்" என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். அந்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. அவர் பதவி உயர்வோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார்.

உன் அம்மாவைப் பார்க்க வெள்ளிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். காபி கொடுப்பார்கள், டிவியை அணைக்கமாட்டார்கள். ஒருநாள் தம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்கள்.

"அது உன் சைட்டுதானட்டி?"

"ஆமாம்மா."

"நீ லீவு போட்டிருக்கலைன்னா, நீதான போயிருப்பே?"

ஆமாம் என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை.

"உன்மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா இனிமே வராத மக்கா. நீ வந்து செருப்பைக் கழட்டுத சத்தம் கேட்டா, ரெண்டு பேரும் வந்துட்டீங்கன்னு அடுக்களையில இருந்து எட்டிப் பாக்கேன்."

அதன்பின் நான் போகவில்லை. இப்போது வேறொரு கம்பெனியில், நீ பார்த்த அதே வேலையைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும்போது உங்கள் தெருவுக்கு முந்திய தெருவில் திரும்பிவிடுகிறேன். அது சுற்றுவழி. உன் அம்மாவுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.