ஏஞ்சலுக்குக் கட்டிய சப்பரப் பெட்டி

மே 6, செவ்வாய்

இன்று மாலையோடு உலக சரித்திரம் இரண்டாகப் பிரிந்தது. அக்கா செலின் மேரியின் மகள் ஏஞ்சலுடைய கம்ப்யூட்டருக்கு அடியேன் கட்டிய பெட்டி திறப்பு விழா கண்டது.

பெட்டி என்று ஒதியம்பட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. சப்பரம் என்கிறார்கள். நான்கு ஃபைபர் தூண், மேலே வளைவு, உச்சியில் கிரீடம், இரண்டு பக்கமும் அக்ரிலிக் கண்ணாடி, உள்ளே சீரியல் லைட். முன்னும் பின்னும் மேலுமாக ஏழு ஃபேன், ஏழும் வானவில்லாகச் சுற்றுகிறது. எங்கள் கோயில் மாதா சப்பரத்துக்கு வருஷா வருஷம் லைட் கட்டுகிறவன் சும்மாவா? மைக்செட் சவரிநாதன் பேரைச் சொன்னால் வில்லியனூரில் பஸ்ஸே நிற்கும். அங்கே ஸ்டாப்பிங் இருக்கிறதால் நிற்கிறது என்பாள் என் மனைவி ரோஸ்லின்.

ஏஞ்சல் கேட்டது கொஞ்சம்தான். திருக்கனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் சகாய சுரேஷ் புதுசாக மாட்டிக் கொடுத்த கிராபிக்ஸ் கார்டு பெரிது. பழைய தகரப் பெட்டியில் அடங்கவில்லை. "காத்து நல்லா போனா போதும் மாமா" என்றாள். ஒரு குடம் தண்ணி கேட்டவளுக்கு பாகூர் ஏரியையே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

சனம் வந்து போட்டோ எடுத்தவண்ணம் இருக்கிறது.

மே 9, வெள்ளி

கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டதாம்.

டவுனில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் கம்பெனி ஒன்று ஏஞ்சலைப் பரீட்சைக்கு எடுத்திருக்கிறது. அவள் ஒரு வீட்டை வரைய வேண்டும். நாமே உள்ளே நடந்து போகிற மாதிரி அதைப் படமாக்க வேண்டும். வரைவது அவள், படமாக்குவது கம்ப்யூட்டர், மணிக்கணக்காக. பதினைந்தாம் தேதிக்குள் அனுப்பிப் பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே சம்பளம். இல்லாவிட்டால் சேதராப்பட்டு ஃபேக்டரி ஷிஃப்ட். வேன்காரனிடம் அக்கா இப்போதே சீட் சொல்லி வைத்துவிட்டாள்.

"வோல்டேஜ்" என்றேன். நம் ஊரில் வோல்டேஜ் எந்தப் பழியையும் தாங்கும்.

மே 11, ஞாயிறு

இன்றும் இரண்டு முறை நின்றது. ஏஞ்சல் சுரேஷுக்குப் போன் போட்டாள். பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். நான் குறுக்கே விழுந்தேன். கண்ணாடியை சிலிகான் வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரித்தால் கீறல் விழும், சாயங்காலம் பங்குச் சாமியார் வேறு பார்க்க வருகிறார் என்றேன். ஏஞ்சல் என்னையே பார்த்தாள். போனை வைத்துவிட்டாள்.

சாமியார் வந்தார், ஜெபம் சொல்லி மந்திரித்தார், ரொம்ப அழகு என்றார். பிறகு கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றால் அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புதான் பெரிசு.

மே 13, செவ்வாய்

அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலை. வேலை ஒன்றும் இல்லை.

மே 14, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா?

மத்தியானம் போனேன். ஏஞ்சல் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்டையில் ஒட்டியிருந்த ஜிகினாத் துண்டை எடுத்து, ஏதோ விளையாட்டுக்கு, முன்பக்க ஃபேனில் காட்டினேன். உள்ளே இழுத்தது. சரி. பின்பக்கம் காட்டினேன். அதுவும் உள்ளே. மேலே? உள்ளே. ஏழும் உள்ளேதான் இழுக்கின்றன. சூட்டை வெளியே தள்ள ஒன்றுகூட இல்லை. இடுக்கில் கசிகிறது மட்டும்தான். சூடு தாங்காமல்தான் கம்ப்யூட்டர் நிற்கிறது.

ஃபேனுக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. முகத்தில் இறக்கை மட்டும், பார்க்க அம்சமாக இருக்கும். முதுகில் குறுக்குக் கம்பி, ஒயர், ஸ்டிக்கர். முகத்தால் இழுக்கும், முதுகால் விடும். ஆனால் சப்பரத்தில் சனங்களுக்கு முதுகு காட்டுவது என்ற பேச்சே கிடையாது. சிறகு வைத்த சம்மனசிலிருந்து சீரியல் பல்பு வரை எல்லாம் முகம்தான் காட்டும். அந்தப் புத்தியில் ஏழு ஃபேனின் முகத்தையும் வெளியே பார்க்கத் திருப்பி மாட்டினேன்.

தெரியாமல் செய்தேன் என்று இந்த நோட்டில்கூட எழுத முடியாது. காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு ஃபேனின் ஓரத்திலும் குட்டி அம்புக்குறி இருந்தது. பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. மேலே ஜிகினா ஒட்டினேன்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஏஞ்சல் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மாமா, நான் வரைஞ்சதுதான் தப்போ? ரொம்ப கனமா வரைஞ்சிட்டேனோ, அதான் தாங்கலியோ?"

"இருக்கும்" என்றேன்.

இருக்கும்னு சொன்னேன். இந்த வாயா? ஊர்கோலம் பூரா மைக்ல கத்துற இந்த வாயா?

மே 15, வியாழன்

அனுப்பவில்லை. முக்கால்வாசியில் நின்றுவிட்டது.

மே 18, ஞாயிறு

கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டதாம்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, கோயில் கேட்டில் அக்கா சுரேஷைப் பிடித்துக்கொண்டாள். செத்த கார்டைத் தலையில் கட்டிவிட்டாய், எம் பொண்ணு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. டெஸ்ட் பண்ணித்தான் கொடுத்தேன் அக்கா என்பதையே அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். பாதி ஊர் நின்று பார்த்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா நிக்கிற? எத்தினி வாட்டி நின்னுச்சு, நீயே சொல்லுடா."

என் கையில் மைக் ஒயர் இருந்தது. சுருட்டி முடித்த ஒயர். அதை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து சுருட்டினேன்.

மே 19, திங்கள்

காலையில் ஃபேக்டரி வேன் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோரம் ஏஞ்சல். கையசைத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆறடி ஆள், அரையடித் தூண்.

மே 21, புதன்

ரோஸ்லினிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே முழுசும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் மைக்கைப் பிடித்து, ஊரே கேட்க, "இதோ பாவி சவரிநாதன்" என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன் என்றேன். கண்ணீர் விடுவதாகவும் யோசனை இருந்தது.

"மைக்ல சொன்னா அதுவும் உனக்கு சீரியல் லைட்டுதான்" என்றாள். "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய் சொல்லு."

மே 22, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. சொல்லிவிட்டேன். முகம், முதுகு, அம்பு, ஜிகினா, எல்லாம்.

"எப்ப தெரியும் மாமா?"

"பதினாலாந் தேதி."

"நான் கேட்டனே, அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

திட்டுவாள் என்று நின்றேன். உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். குளிக்கப் போய்விட்டாள்.

கத்தி வைத்து சிலிகானைக் கிழித்தேன். கண்ணாடியில் கீறல் விழுந்தது, நன்றாகவே. கிரீடம், வளைவு, தூண் எல்லாவற்றையும் கழற்றினேன். பின்னாலும் மேலேயும் இருந்த நான்கு ஃபேனையும் திருப்பி மாட்டினேன், முதுகு வெளியே தெரிய. ஜிகினாத் துண்டைப் பின்னால் காட்டினேன். கையை விட்டுப் பறந்தது.

எட்டு நாள் முந்தியே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருக்கலாம்.

மே 24, சனி

திருக்கனூர் பஸ். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று வாசலில் நின்றேன். அப்புறம், அவர்கள் போவதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று பட்டது. சொன்னேன்.

ஒரு கஸ்டமர் சிரித்துவிட்டார். சுரேஷ் சிரிக்கவில்லை. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"எம் பொண்டாட்டி அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நின்னாண்ணா" என்றான்.

 டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மே 25, ஞாயிறு

அதே கேட். மைக் இல்லாமல் சொன்னேன். என் குரல் இவ்வளவு சின்னது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. சுரேஷ் மனைவி கடைசி வரை நின்று கேட்டாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அக்கா என்னை அடிக்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். பாதி வழியில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுரேஷ் இருந்த பக்கம் பார்த்தாள்.

அதோடு அக்கா என்னிடம் பேச்சை விட்டுவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

வில்லியனூர் ஆசாரி ஒருத்தர், தான் செய்யப்போகும் சமையலறை எப்படி இருக்கும் என்று படம் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு அறை. ஏஞ்சல் காலையில் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, வேன் ஏறும்போது, "சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல இரு மாமா" என்றாள். அன்றைக்குப் பிறகு என்னை மாமா என்றது இன்றுதான்.

இருந்தேன். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை, வைத்தாள்.

மத்தியானம் பாகூரிலிருந்து ஒரு ஆள் வண்டி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். போனில் யாரோ அனுப்பிய போட்டோவில் சப்பரப் பெட்டியைப் பார்த்தாராம், தன் பையனுக்கும் ஒன்று வேண்டுமாம். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். கீறல் விழுந்த கண்ணாடி, மொட்டை உச்சி, பார்க்கிறவருக்கு முதுகைக் காட்டிச் சுற்றுகிற ஃபேன், தொங்கும் ஒயர். வழக்கமாக இந்த இடத்தில் நான் அரை மணி நேரம் பேசுவேன்.

"இதுவா?" என்றார்.

"இதுதாங்க."

அவர் போனபிறகு பெட்டிக்குப் பின்னால் கையை வைத்தேன். சூடாகக் காற்று வந்துகொண்டிருந்தது. வேன் சத்தம் கேட்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.