பாய்க்கு அடியில் கத்தி

சவாயி தீவு,
வியாழக்கிழமை

தம்பி மனாசேக்கு அக்கா லூபே எழுதுவது. ஆக்லாந்தில் நீ சுகமாகத்தான் இருப்பாய். எங்கள் சுகத்தை நீயே கெடுத்துவிட்டதால் அதை விசாரிக்காதே. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் மகன் ஈலியா குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், சினாவின் மகன் பேனி செத்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஈலியா லாக்கப்பில் இருக்கிறான். சினாவின் அண்ணன் தோமாசி நம் வீட்டைக் கொளுத்துவேன் என்று சொல்லியனுப்பினார். நாங்கள் ஆராதனைக்குப் போன நேரத்தில் நம் பன்றிகளை வெட்டிப்போட்டார்கள். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் சின்ன மகள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

செவ்வாய் விடியலில், மன்னிப்புக் கேட்கும் நம் ஊர் வழக்கப்படி, குடும்பத்தோடு போய் அவர்கள் வாசலில் தலைகுனிந்து உட்கார்ந்தோம். அம்மாவின் கல்யாணப் பாயை மேலே போர்த்திக்கொண்டோம். பாய்க்கு உள்ளே இருந்தால் யார் வருவது என்று தெரியாது. அவர்கள் வெட்டலாம், பாயை எடுத்து நம்மை எழுப்பியும் விடலாம். அது அவர்கள் கையில், அவர்கள் கை கர்த்தர் கையில். கல் விழுந்தது. "வெளிய வாங்கடி, கொலைகார கும்பலே" என்று சினா கத்தினாள். வாங்கிக்கொண்டோம். வெயில் ஏறிய பிறகு தோமாசி படியிறங்கி வந்து பாயின் ஓரத்தைத் தூக்கினார்.

அப்போதுதான் நம் சித்தப்பா மகன் செமிசியின் இடுப்பிலிருந்து கத்தி நழுவிக் கல்லில் விழுந்தது. தேங்காய் வெட்டும் நீளக் கத்தி.

தோமாசி பாயைக் கீழே போட்டுவிட்டு, "மன்னிப்பு கேக்க வந்தீங்களா, மிச்ச பேரையும் முடிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்கு வந்து செமிசி அழுதான்: "மனாசே அண்ணன்தான் ஒரு பாதுகாப்புக்கு வெச்சுக்கடான்னு சொன்னாரு." பாதுகாப்பாம்! கர்த்தரே என் கோட்டை என்று ஞாயிறுதோறும் சபை அதிர ஜெபித்தவன் நீ. அந்தக் கர்த்தருக்கே துணைக்குக் கத்தி அனுப்புகிறாயா?

இப்போது எங்களுக்குக் காவலென்று பத்துப் பேரை விமானத்தில் அனுப்பப் போகிறாயாமே. அனுப்பினால் அதற்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடாதே.

நாளை விடியலில் மறுபடி போகிறோம். வேண்டாம் என்று போதகர் கெஞ்சினார். நம் வீட்டுக் கத்தி, கோடரி எல்லாவற்றையும் அவர் கையிலேயே தோமாசிக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். இன்று சுட்ட சீமைப்பலாவைக் கையால் பிய்த்துத்தான் தின்றோம். செமிசியும் வருகிறான். கிளம்புமுன் ஒவ்வொருவர் இடுப்பையும் நானே தடவிப் பார்ப்பேன். சின்னவள் போதகர் வீட்டில் இருப்பாள்.

பயம்தான், தம்பி. ஆனாலும் போவேன். பேனியைப் பெற்றவளுக்கு முன்னால் எனக்குக் காப்பாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

இது உன் கைக்கு வரும்போது அவர்கள் பாயைத் தூக்கியிருப்பார்கள், அல்லது தூக்கியிருக்க மாட்டார்கள். தூக்கவில்லையென்றால் பழிவாங்க வராதே. சின்னவளை அழைத்துப் போக வா. வெறுங்கையோடு வா, அவளைத் தூக்கிக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.

கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அக்கா,
லூபே